ஒரு நாளைக்கு ஒரு காசு

அன்பர்களே, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறிப் பால்குடம் செலுத்திவிட்டு இறங்கும்போது சிலர் மனத்தில் ஒரு கணக்கு ஓடும். "மூணு வருஷமா எடுக்கிறோம், பிள்ளைக்கு இன்னும் வேலை அமையலையே!" இந்தக் கேள்வி பாவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவனடியார்களான நாயன்மார்களே கேட்டிருக்கிறார்கள்.

திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் ஆளுக்கொரு மடத்தில் அடியார்களோடு தங்கியிருக்கிறார்கள். பஞ்சம் தீரும்வரை தினமும் படிக்காசு தருவதாகச் சிவன் கனவில் சொல்கிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு காசு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒரு காசு. அளவைக் கவனியுங்கள். உலகையே உடையவன் களஞ்சியத்தைத் திறந்துவிடவில்லை. அன்றைய உலைக்கு அன்றைய காசு. வளம் என்றால் நமக்கு இபிஎஃப் சேமநிதிக் கணக்கில் ஏறும் தொகைதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே நாளைய அரிசிக்கு நாளைதான் காசு. ஆனாலும் பந்தி நிற்கவில்லை.

அந்தக் காசிலும் ஒரு சிக்கல். அப்பர் மடத்தில் வேளையோடு அமுது முடிந்துவிடும், சம்பந்தர் மடத்தில் தாமதமாகும். சம்பந்தர் என்ன செய்தார்? முதலில் சமைப்பவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். "உங்களுக்கு வரும் காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் கேட்கிறார்கள், அப்பர் காசுக்குக் கேட்பதில்லை" என்றார்கள். வட்டம், வாசி என்பது மாசுள்ள காசை மாற்றும்போது பிடிக்கும் கழிவு. கசங்கிய நோட்டை நீட்டினால் மணி சேஞ்சர் கடையில் விலையைக் குறைப்பார்களே, அதுதான். அப்பர் கையில் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியைப் பிடித்துக் கோயில் தொண்டு செய்தவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்பார்கள் பெரியோர். காரணம் தெரிந்த பிறகுதான் சம்பந்தர் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடினார். கொடுத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. குறை எது என்று தெரிந்துகொண்டு, அதை மட்டும் கேட்டார்.

நாம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் போய்விட்டால், விரதத்தில் ஒரு நாள் விட்டுப்போனதோ, குடத்துப் பால் சிந்தியதோ என்று தேடுகிறோம். பிள்ளை பழைய கேள்வித்தாள் எத்தனை செய்து பார்த்தான் என்று அடுக்களையை விசாரிப்பதில்லை.

சுந்தரர் கதை இன்னும் கடுமை. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். "உளோம், போகீர்", அதாவது இருக்கிறோம், நீர் போம் என்று பதில் வந்தது. கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஊன்றுகோல்! காஞ்சியில் இடக்கண். திருத்துருத்தியில் உடல் பிணி தீர்ந்தது. வலக்கண் திருவாரூரில்தான். கோலை வீசிவிட்டு வெண்பாக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் காஞ்சி எங்கே, ஆரூர் எங்கே?

சிறுநீரகம் சரியாக வேண்டும் என்று வேண்டியவருக்கு வாரம் மூன்று நாள், சுமார் நான்கு மணி நேர டயாலிசிஸ் இடம் கிடைக்கிறது. அதுதான் ஊன்றுகோல். கேட்டது கண் என்று தாராளமாகச் சண்டை போடுங்கள், ஆனால் கோலை விடாதீர்கள். சாமி பார்த்துக்கொள்வார் என்று நிறுத்தினால் உடலில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். அதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியாக, அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகம்: வேண்டியது நடக்கவில்லை, பால்குடம் எடுக்கத்தான் வேண்டுமா? நடந்தால் எடுப்பேன் என்று சொல்லியிருந்தால், நடக்காதபோது கடன் இல்லை. தெய்வக் குற்றம் என்று பயமுறுத்துபவர்களை விட்டு விலகுங்கள். எடுக்க மனம் இருந்தால் புது நிபந்தனை போடாமல் எடுங்கள். மனத்தாங்கல் இருந்தால் அதையும் சேர்த்தே சுமக்கலாம். ஆரூரில் ஒற்றைக் கண்ணோடு நின்று சுந்தரர் பாடிய பதிகம் "மீளா அடிமை" என்று தொடங்கும், பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்துபோதீரே" என்று முடியும். நீராவது நன்றாக இரும் ஐயா என்ற குத்தல்தான். மொத்தம் 11 பாட்டு. தண்ணீர்மலை உச்சிக்குப் போவதற்குள் பாடி முடித்துவிடலாம், மூச்சு இருந்தால்.