ராத்திரி பத்து மணிக்கு மேல சிரிக்க வாங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரி கூத்துல கட்டியக்காரனைப் பார்க்கிறது எப்படி

(காட்சி: டீக்கடைச் சுவரில் ஒட்டிய கோயில் திருவிழா நோட்டீஸ். விரல் ஒவ்வொரு வரியாக இறங்குகிறது.)

வணக்கம். சித்திரை, வைகாசியில பாலக்கோடு, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் போனா இந்த மாதிரி நோட்டீஸ் கண்ணுல படும். மேல திரௌபதி அம்மன் படம். கீழ ‘மகாபாரதத் திருவிழா’ இல்லேன்னா ‘அக்னி வசந்த விழா’ன்னு பெரிய எழுத்து. அதுக்கும் கீழ நாள்வாரியா நாடகத்தோட பேரு. இந்த ரெண்டு மாவட்டத்துல டிக்கெட் இல்லாம, விடிய விடிய, நேர்ல பார்க்கக் கிடைக்கிற காமெடி ஷோ இந்தத் தெருக்கூத்துதான்.

ஆனா எல்லா ராத்திரியும் ஒரே அளவுக்குச் சிரிப்பு வராது. எந்த ராத்திரி போகணும், எத்தனை மணிக்குப் போகணும், எங்க உக்காரணும்னு தெரியாம போறவங்க, பன்னெண்டு மணிக்கே ‘பாட்டு ஒண்ணும் புரியலப்பா’ன்னு வண்டியை எடுத்துடறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

(காட்சி: இரண்டு பேர் பிடித்திருக்கும் திரை. அதன் முன்னால் கூம்புத் தொப்பியுடன் கட்டியக்காரன்.)

முதல்ல இவரைப் பிடிச்சுக்கங்க. கட்டியக்காரன். சில ஊர்ல கோமாளின்னு சொல்வாங்க. ராஜா வேஷத்துக்குத் தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, மார்ல பதக்கம்னு மரச்சாமான் ஏறும். இவருக்கு அந்தச் சுமை கிடையாது. ஒரு தொப்பி, தொளதொள சட்டை, கால்ல சலங்கை, அவ்வளவுதான். உடம்பு லேசா இருக்கறதாலதான் விடியற வரைக்கும் மேடையில நிக்க முடியுது. ராஜாக்கள் மாறி மாறி வருவாங்க போவாங்க, இவர் போகமாட்டார்.

அவர் வேலை வெறும் சிரிப்பு இல்ல. ராஜா வர்றதைச் சொல்ற சேவகன் அவர்தான். தூது போறவரும் அவர்தான். ராணிக்குத் தோழி வேணும்னா ஒரு துண்டை முந்தானையாப் போட்டுக்கிட்டுத் தோழியும் ஆயிடுவார். எல்லாத்துக்கும் மேல, பாட்டை வசனமாக்கறவர் அவர்தான். விருத்தம்ங்கிற அந்தப் பாட்டு கூத்துக்காரங்க பரம்பரையாப் படிச்ச தமிழ்ல இருக்கும், முதல் தடவை கேக்கறவங்களுக்குப் பாதிதான் விளங்கும். விருத்தம் முடிஞ்ச உடனே கட்டியக்காரன் ஒரு கேள்வி கேப்பார். அதுக்கு ராஜா சொல்ற பதில்ல கதை மொத்தமும் இருக்கும். அதனால பாட்டு புரியலைன்னு கவலைப்படாதீங்க, அடுத்து வர்ற கேள்விக்குக் காதை வச்சுக்கங்க.

துரியோதனன் திரைக்குப் பின்னால நின்னு பாடி முடிச்சதும் நடக்கிற பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

— ஐயா சாமி, இவ்வளவு சத்தம் போட்டு வர்றீங்களே, நீங்க யாருங்க?

— அடே சேவகா! அஸ்தினாபுரத்தை ஆளும் துரியோதன மகாராசன் என்று அறிவாய்!

— அறிஞ்சேன் சாமி. கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?

— என்னோடு சேர்த்து நூறு பேரடா!

— நூறு பேரா! சாமி, ரேஷன் கார்டு ஒண்ணுங்களா, நூறுங்களா?

(காட்சி: ஆர்மோனியக்காரர் முகம், சிரிப்பை அடக்கியபடி.)

இப்ப ராஜாவைப் பார்க்காதீங்க, பின்னால பெஞ்சுல பாருங்க. ஆர்மோனியக்காரர், மத்தளக்காரர், தாளம் போடறவர் மூணு பேரும் அங்க இருக்காங்க. ஆர்மோனியக்காரர் குறுக்க புகுந்து, ‘அடேய், ராஜாகிட்டக் கேக்கற கேள்வியா இது?’ன்னு அதட்டுவார். ‘உங்களுக்கு ஏங்க கோவம், உங்க கார்டுல எத்தனை பேரு?’ன்னு இவர் திரும்பிடுவார். அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள மத்தளம் ஒரு தட்டு தட்டும், ராஜா அடுத்த அடியை எடுத்துடுவார். மத்தளம் சரியான நேரத்துல விழலைன்னா நல்ல ஜோக்கும் தொங்கிடும். கட்டியக்காரன் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் எதிர்ப்பேச்சுக்கு ஒரு ஆர்மோனியக்காரர் வேணும், கணக்கா முடிச்சுவிட ஒரு மத்தளக்காரர் வேணும். குழுவை எடை போடணும்னா கட்டியக்காரனோட இந்த ரெண்டு பேரையும் சேர்த்துப் பாருங்க.

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் பக்கம் இன்னொரு சுவை இருக்கு. கூட்டத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசறவங்க இருப்பாங்க. ராஜா தமிழ்ல முழங்குவார், கட்டியக்காரன் நடுவுல தெலுங்குல ஒரு வார்த்தை போட்டு மாட்டிக்குவார். ஒரு மொழி மட்டும் தெரிஞ்சவங்க அரை நொடி கழிச்சு, பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பாங்க.

(காட்சி: நாடகப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுகின்றன.)

சரி, எந்த ராத்திரி போகலாம்? நோட்டீஸ்ல நாள் எண்ணைப் பார்க்காதீங்க, நாடகத்தோட பேரைப் பாருங்க. ஒரு ஊர்ல பதினெட்டு நாள் நடக்கும், இன்னொரு ஊர்ல அதைச் சுருக்கிப் பத்துப் பன்னெண்டு நாள்ல முடிப்பாங்க. அதனால ‘ஏழாம் நாள்’ங்கிறது ஊருக்கு ஊர் வேற.

சிரிப்புக்குன்னே போறதா இருந்தா எங்க முதல் சிபாரிசு விராட பருவம். கீசக வதம், அதுக்கு அடுத்து வர்ற மாடுபிடிச் சண்டை. பாண்டவர்கள் மறைஞ்சு வாழற வருஷம் இது, எல்லாருமே வேஷத்துக்குள்ள வேஷம் போட்டிருப்பாங்க. பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் பேடி, திரௌபதி பணிப்பெண். கீசகன் திரௌபதி மேல ஆசைப்பட்டு வர, அவளுக்குப் பதிலா இருட்டுல பொம்பளை வேஷத்துல பீமன் உக்காந்திருப்பான். மீசையை முக்காட்டுல மறைச்சுக்கிட்டு அந்தத் தடிமனான உடம்பு வெட்கப்படற இடம் இருக்கே, அதைப் பார்க்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கலாம்.

அதைவிட ஒரு படி மேல உத்தரகுமாரன். விராட ராஜனோட பையன். அரண்மனைப் பொம்பளைங்க முன்னாடி ‘தேரோட்ட ஆள் மட்டும் இருந்தா கௌரவப் படையை நான் ஒருத்தனே முடிச்சிருவேன்’னு வாய்கிழியப் பேசுவான். பேடியா இருக்கிற அர்ச்சுனன் தேரோட்ட ஒத்துக்கிட்டதும் நாக்கு உலர்ந்துடும். படையைக் கண்ணால பார்த்ததும் தேர்ல இருந்து குதிச்சு ஓடுவான், அர்ச்சுனன் துரத்திப் பிடிப்பான். இது கட்டியக்காரன் சேர்த்த காமெடி இல்ல, வில்லிபுத்தூரார் பாரதத்துலயே இருக்கிற கட்டம். அதனால எந்தக் குழு ஆடினாலும் இது இருக்கும். நல்ல குழுல ஓட்டம் மேடையோட நிக்காது. கூட்டத்துக்குள்ள புகுந்து, பொரிகடலைக் கடையைச் சுத்தி, பாயில தூங்கற ஆளைத் தாண்டித்தான் முடியும்.

குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னா பகாசுரன் வதம். வண்டி நிறைய சோத்தைப் பீமனே உக்காந்து தின்னு தீர்க்கிற கதை. பல ஊர்ல நிஜமாவே மாட்டு வண்டியிலயோ டிராக்டர்லயோ சோறு ஏத்திக்கிட்டுப் பீமன் வேஷக்காரர் தெருத்தெருவா வருவார். அது பகல் வெளிச்சத்துல நடக்கிற ஊர்ல குழந்தைகளுக்கு இன்னும் கொண்டாட்டம்.

கர்ண மோட்சத்தைச் சோக நாடகம்னு ஒதுக்கிடாதீங்க. கருமாதி ராத்திரியில கூத்து வைக்கிற வீட்டுல பெரும்பாலும் இதைத்தான் வைப்பாங்க, அது உண்மை. ஆனா போருக்குப் போற கர்ணன் பொன்னுருவிகிட்ட விடைபெற வர்ற கட்டத்துல புருஷன் பெண்டாட்டி சண்டை ஒண்ணு நீளமாப் போகும். உன் குலம் என்ன, கோத்திரம் என்னன்னு அவ கேக்க, நடுவுல கட்டியக்காரன் சமாதானம் பேசப் போய் ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்குவார். முடிவுல அழ வைக்கப் போற நாடகம்ங்கிறதாலயே முன்பாதியில நல்லாச் சிரிக்க விடுவாங்க.

துகில், அரவான் களபலி, அபிமன்யு சண்டை, இந்த மூணுக்கும் சிரிப்பை எதிர்பார்த்துப் போகாதீங்க. துகில் அன்னைக்குத் துச்சாதனன் வேஷக்காரரே சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுத்தான் தொடங்குவார். அந்த நேரம் கட்டியக்காரன் வாய் திறந்தா அது துச்சாதனனைத் திட்டறதுக்காத்தான் இருக்கும். அங்க யாராவது சத்தமாச் சிரிச்சா பக்கத்துல இருக்கிற பாட்டிகள் சும்மா விடமாட்டாங்க.

(காட்சி: களத்தின் வரைபடம். மேடை, பெஞ்சு, ஸ்பீக்கர், பாய் வரிசைகள்.)

இப்ப நேரமும் இடமும். நோட்டீஸ்ல ‘இரவு 9 மணி’ன்னு இருந்தா அது மத்தளம் தொடங்கற நேரம். சாமி கும்பிட்டு, வாத்தியம் அடிச்சு, கட்டியக்காரன் வெளிய வர்றப்ப பத்தரை, பதினொண்ணு ஆயிடும். பத்து மணிக்குப் போனா இடமும் கிடைக்கும், அவரோட முதல் வருகையும் தவறாது. அதைத் தவறவிடாதீங்க. அன்னைக்குக் கூட்டத்துல யாரு இருக்கா, எது எடுபடுதுன்னு அவர் ஆழம் பார்க்கிற நேரம் அது. அப்ப போட்ட ஒரு பேச்சை நடுராத்திரி திரும்ப எடுப்பார், முன்னாடி கேட்டவங்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

உக்கார்ற இடம் ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம். குழாய் ஸ்பீக்கருக்குக் கிட்ட உக்காந்தா சத்தம் கேக்கும், சொல்லு கேக்காது. இங்க சிரிப்பே சொல்லுலதான் இருக்கு. குழந்தைங்க உக்கார்ற முன்வரிசைக்குப் பின்னால மூணாவது, நாலாவது வரிசையில, பெஞ்சுல இருக்கிற ஆர்மோனியக்காரர் முகம் தெரியற கோணத்துல பாயைப் போடுங்க. நாற்காலி போட்டா பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்கும், ஓரமாத் தள்ளச் சொல்வாங்க. கட்டியக்காரன் மைக்கை விட்டுக் கூட்டத்துக்குள்ள இறங்கினா அவர் பேசறது பாதிப் பேருக்குக் கேக்காது, அதுக்கும் நடுவுல உக்கார்றதுதான் நல்லது.

பன்னெண்டு மணிக்கு மேல பேச்சு கொஞ்சம் பச்சையாப் போகும். ஊர்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க. உங்களுக்குச் சங்கடம்னா அதுக்கு முன்னாடி குழந்தைகளைத் தூங்க வச்சுடுங்க. ரெண்டு மணிக்கு மேல கூட்டம் சாயத் தொடங்கும். தூங்கறவங்களைப் பேர் சொல்லி எழுப்பறதும் கட்டியக்காரன் வேலைதான், முன்வரிசையில கொட்டாவி விட்டா மாட்டுவீங்க.

அன்பளிப்பு குடுக்கணும்னா சின்னத் தாள்ல பேரும் ஊரும் தெளிவா எழுதிப் பணத்தோட சேர்த்துக் குடுங்க. வாயால சொன்னா மத்தளச் சத்தத்துல ‘முருகன்’ ‘முத்தன்’ ஆயிடும். பாட்டு முடிஞ்சு வசனம் தொடங்கறதுக்கு முன்னாடி நீட்டுங்க. நடுக்கட்டத்துல நீட்டினா அறிவிப்புக்காக ஆட்டம் நிக்கும், தொடர்ந்து நாலு பேர் நீட்டினா காட்சியே உடைஞ்சு போயிடும். கூத்துல சுவை கெடறதுக்கு மழைக்கு அடுத்த காரணம் இதுதான்.

(காட்சி: மீண்டும் நோட்டீஸ். மூன்று இடங்களில் வட்டம்.)

அடுத்து வரப்போற ஆட்டங்களை எப்படித் தெரிஞ்சுக்கறது? மாசிக் கடைசியில இருந்து ஆடி வரைக்கும் நோட்டீஸ் ஒட்டுவாங்க. 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமாப் பிரிஞ்சாலும் குழுக்களுக்கு அந்தக் கோடு கிடையாது. காரிமங்கலத்துல நேத்து பார்த்த குழு இன்னைக்கு ஊத்தங்கரையில ஆடும். நோட்டீஸ்ல மூணு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, குழுவோட பேரும், குழுவை நடத்தற வாத்தியாரோட போன் நம்பரும். ‘இன்னைக்குக் கட்டியக்காரன் யாருங்க?’ன்னு அவர்கிட்டயே கேக்கலாம், கோவிச்சுக்கமாட்டார். சீசன் உச்சத்துல ஆள் மாறும்ங்கிறதால இந்தக் கேள்வி முக்கியம். நாடகம் வைக்கிற ஊர்க்காரங்க வெற்றிலை பாக்கு வச்சு முன்பணம் குடுக்கும்போதே இதைக் கேட்டு முடிச்சுக்கணும்.

ரெண்டாவது, கிழமை. ‘சனிக்கிழமை இரவு அர்ச்சுனன் தபசு’ன்னு இருந்தா ஆட்டம் ஞாயித்துக்கிழமை காலையிலதான் முடியும். அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறுறதைப் பகல்லயே வைக்கிற ஊரும் உண்டு, நேரத்தைத் தனியாப் போட்டிருக்கான்னு பாருங்க. வீபூதியும் எலுமிச்சம்பழமும் மேல இருந்து விழறப்ப மரத்தடியில நெரிசலா இருக்கும்.

மூணாவது, படுகளம். பதினெட்டாம் போர் ராத்திரி, படுகளம் மறுநாள் பகல், தீமிதி அன்னைக்குச் சாயங்காலம். மண்ணால செஞ்ச துரியோதனன் படுத்திருப்பார், பீமன் சுத்திச் சுத்தி ஓடித் தொடையில அடிப்பான். துடைப்பத்தாலயும் முறத்தாலயும் அடி வாங்கறதுக்கு ஜனங்க வரிசையில நிப்பாங்க. அடிக்கு இப்படிக் கியூ நிக்கிறதைப் பார்த்து வெளியூர்க்காரங்களுக்குச் சிரிப்பு வரும், நிக்கிறவங்களுக்கு அது வேண்டுதல்.

கோடை மழை வந்து ஒரு ராத்திரி நின்னுபோனா சில ஊர்ல மறுநாள் அதையே ஆடுவாங்க, வரிசை மொத்தமும் ஒரு நாள் தள்ளும். சில ஊர்ல படுகளத் தேதியை மாத்தமாட்டாங்க, ரெண்டு நாடகத்தை ஒண்ணாச் சுருக்கிடுவாங்க. சுருக்கும்போது முதல்ல வெட்டுப்படறது கட்டியக்காரன் பகுதிதான். அதனால முந்தின நாள் மழை பெய்ஞ்சிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க.

கிராமத்துக்குள்ள போற கடைசி டவுன் பஸ் நாடகம் தொடங்கறதுக்கு முன்னாடியே போயிடும், திரும்ப விடியக்காலை பஸ்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனா சித்திரையிலயும் விடியக்காலை குளிரும், போர்வை எடுத்துக்கங்க. போன்ல படம் பிடிக்கலாம், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். முழு நாடகத்தையும் யூடியூப்ல ஏத்தறதா இருந்தா வாத்தியாரைக் கேட்டுட்டு ஏத்துங்க, நோட்டீஸ்ல இருக்கிற அதே நம்பர்தான்.