வளவின் ஒரு மூலையை விட்டுவையுங்கள்

(திருகோணமலையில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்று திரும்புகிற நேரம் இது. புலுனியும் மைனாவும் செண்பகமும் ஆண்டு முழுக்க நம் வளவில் இருப்பவை. இனி வரப்போகிறவை விருந்தாளிகள். வடக்கே குளிர் இறங்கினால் பூச்சி புழு அருகிவிடும். இங்கே மாரி மழையில் அவை பெருகும். குளிரைவிடப் பசிதான் பறவைகளை இவ்வளவு தூரம் பறக்க வைக்கிறது.

வெள்ளை உடலும் நீண்ட வாலுமாக ஒரு வால்குருவியைக் கண்டால், அது இந்தியாவிலிருந்து வந்த ஆண் பறவை. இலங்கையிலேயே வாழும் வகையில் ஆண் வெள்ளையாவதில்லை, செம்பழுப்பாகவே இருக்கும்.

ஆனால் என் மனம் முழுக்க ஆறுமணிக்குருவிதான். பச்சை முதுகு, சிறகில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. எடை 50, 60 கிராம்தான். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இரவிரவாகப் பறந்து வருகிறது. விடியலிலும் மைம்மலிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுருதியில் சீட்டியடிக்கும். சத்தம் கேட்டதும் ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். யன்னலோரம் அசையாமல் இருங்கள். மரத்தில் தேட வேண்டாம், நிலத்தைப் பாருங்கள். சருகைப் புரட்டிப் புழுப் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சருகைத்தான் நாம் கூட்டி அள்ளிக் கொளுத்துகிறோம்! டெங்கு வரும் என்று பயப்படுவது நியாயம்தான். அந்த நுளம்பு பெருகுவது தேங்கிய தண்ணீரில். சிரட்டை, பழைய ரயர், யோகட் கப் எல்லாவற்றையும் அகற்றுங்கள். வீட்டை ஒட்டிய இடத்தையும் கூட்டுங்கள். பின்வேலி மரத்தடிச் சருகை மட்டும் சித்திரை வரை விட்டுவையுங்கள்.

இன்னொன்று. வந்து சேரும் நாட்களில் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் புகுந்துவிடும், கண்ணாடியில் மோதியும் விழும். தேவையில்லாத வெளி லைட்டை அணையுங்கள். விழுந்ததை எடுத்து, காற்றோட்டமுள்ள மட்டைப் பெட்டியில் வைத்து, பூனைக்கு எட்டாமல் மூடிவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தெம்பு வந்ததும் மரத்தடியில் விடுங்கள். கூட்டில் வளர்க்க ஆசைப்படாதீர்கள் பிள்ளைகளே.

அப்புறம், ஒரு கொப்பியில் அதன் முதற்சத்தம் கேட்ட திகதியை எழுதுங்கள். அடுத்த வருடமும் எழுதுங்கள். உப்புவெளியில் இருப்பவரும் கன்னியாவில் இருப்பவரும் கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் முதலில் வந்திறங்குகிறது என்று நாமே கண்டுபிடிக்கலாம்.