மணக்குடிச் சேறு ஏன் நாறுகிறது? அதில்தான் விஷயமே இருக்கிறது!

வணக்கம் மக்களே! பூமியின் சூட்டைத் தணிக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் மரத்தைக் காட்டுவார்கள். நான் காட்டப்போவது சேற்றை. கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் ஓரத்தில் கால் வைத்தால் இழுத்துப் பிடிக்குமே, அந்தக் கறுத்த, நாறுகிற சேறு. வீடியோவில் நாற்றம் வராது, தப்பித்தீர்கள்.

[திரையில்: பழையாறு கடலில் சேரும் இடம்]

பாடத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிகின்றன, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, வெப்பம் ஏறுகிறது. காடும் சதுப்பும் அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கின்றன. சரி, சேற்றுக்கு வருவோம்.

இங்கே வனத்துறை நட்டு வளர்த்த அலையாத்திகள், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்கள், நிற்கின்றன. மலைக்காட்டில் விழுந்த இலையைப் பூஞ்சைகள் மட்கச் செய்துவிடும், கார்பனில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். காயல் சேற்றுக்குள்ளோ ஆக்சிஜன் கிடையாது. பரணியில் எண்ணெய் மூடி நிற்கும் மாங்காய் ஊறுகாய் மாதிரி, இலையும் வேரும் எளிதில் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதனால் ஒரு ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதே பரப்புள்ள வெப்பமண்டலக் காட்டைவிட 3, 4 மடங்கு வரை கார்பனைச் சேர்த்து வைத்திருக்க முடியும். பெரும்பங்கு மண்ணுக்குள்தான்.

இப்போது நாற்றத்தின் கதை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை வைத்துப் பிழைக்கின்றன, அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குப் போக வேண்டிய தீனியையும் இவையே தின்றுவிடுகின்றன! மீத்தேனோ கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு. ஆக, உப்புச் சேற்றில் இந்த வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே சந்தோஷப்படலாம். சாக்கடை கலந்த நாற்றம் வேறு கணக்கு, அதற்குக் கைதட்ட வேண்டாம்.

2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் நன்னீர் என்பதால் மீத்தேன் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் மழைவெள்ளத்தைத் தாங்க அவை வேண்டும்.

அழிந்த அலையாத்திக் காட்டை மீட்பது என்றதும் கன்றும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடாதீர்கள். சுரபுன்னை என்ற அலையாத்தியின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, விழுந்து, மிதந்துபோய் வேர்பிடிக்கும். ஆற்றுநீரும் கடல்நீரும் வந்துபோக வழிவிட்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மேற்கே இருக்கும் ரப்பர் தோட்டத்தைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. ரப்பர்க்கார அண்ணாச்சிமார் கோபப்படக் கூடாது. அது வருமானம், காடு வேறு.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. 2030 வரை கட்டுப்படியான செலவில் குறைக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் வரை இயற்கை தரமுடியும் என்றது 2017-ல் வந்த ஓர் ஆய்வு. மிச்சத்துக்குப் புகையைக் குறைத்தே ஆகவேண்டும். இருக்கிற சதுப்பைத் தோண்டிப்போட்டாலோ, புதைந்த கார்பனும் மேலே கிளம்பிவிடும்.

உங்கள் ஊரில் மண்ணடித்து மூடிய குளமோ காயலோ இருந்தால் கமெண்டில் பெயரைப் போடுங்கள், அடுத்த வீடியோவுக்கு அங்கேயே வருகிறேன்.