ஏற்காட்டை விட்டு ஏன் இறங்கி வந்தேன்?

வணக்கங்க. இது சேலம் கோரிமேடு, எங்க வாடகை வீட்டு மொட்டை மாடி. பின்னாடி தெரியுதே மலை, அதுதான் நம்ம ஊரு. ஏன்க்கா இறங்கி வந்தீங்கன்னு கேட்டுட்டே இருக்கீங்க. போனுக்காகத்தான். இறந்தவங்க தானமா கொடுக்குற கிட்னிக்காகக் காத்திருக்கேன். எஸ்டேட் பக்கம் டவரே கிடைக்காது. கிடைச்சாலும் மழையில 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். கிட்னி வந்திருக்குன்னு கூப்பிடுறப்ப நான் எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். ஐஸ்ல வெச்ச கிட்னி எனக்காகக் காத்திருக்குமா?

இன்னொண்ணு, இதைச் சொல்லத்தான் வீடியோவே. வாரம் மூணு தடவை, நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ்ல படுத்திருந்தேன். அதுலயே கிட்னிக்குக் காத்திருக்குறவங்க லிஸ்ட்ல பேர் ஏறியிருக்கும்னு நினைச்சுட்டேன். ஏறல! யாரும் சொல்லவும் இல்ல, நானும் கேக்கல. ஒரு வருஷம் போச்சு. அந்த லிஸ்ட்டை வெச்சிருக்குற தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம், டிரான்ஸ்டான்ல நாமளா போய்ப் பேர் கொடுக்க முடியாதுங்க. கிட்னி மாத்த லைசென்ஸ் இருக்குற ஆஸ்பத்திரிதான் பதியணும். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க, அதுல கிட்னி மாற்றும் வரும்.

வீட்டுல யாரும் தரலையான்னா, அம்மாவுக்கு சுகர். ரத்த குரூப்புல அண்ணன் ஏ, வீட்டுக்காரர் பி. நான் ஓ. ஓ கிட்னி எல்லாருக்கும் சேரும், எனக்கு ஓ மட்டும்தான் சேரும். என்ன நியாயமோ! குரூப் சேராத ரெண்டு குடும்பம் மாத்திக் கொடுத்துக்க சட்டத்துல வழி இருக்கு. ஆனா ஓ-வுக்கு அப்படி ஜோடி சிக்குறது குதிரைக் கொம்பு.

அப்புறம் டெஸ்ட்டு. எக்கோ, டிபி, மஞ்சக்காமாலை எல்லாம் பார்த்தாங்க. சொத்தைப் பல்லு ரெண்டையும் பிடுங்கிட்டாங்க. கிட்னிக்கும் பல்லுக்கும் என்னங்க சம்பந்தம்னு சண்டை போட்டேன். மாத்தின பிறகு ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை. அப்ப பல்லுல ஒளிஞ்சிருக்குற கிருமி கிளம்பிருமாம்.

ரத்தம் கம்மின்னா உடனே ஏத்திக்காதீங்க, ஊசியில சரி பண்ண முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க. அடுத்தவங்க ரத்தம் ஏறினா, வர்ற கிட்னியை எதிர்க்குற ஆன்டிபாடி உடம்புல உண்டாகலாம். அப்புறம் குரூப் சேர்ந்தாலும், கொடுக்குறவங்களோடது நமக்கு ஒத்துப்போகுமான்னு பார்க்குற கிராஸ்மேட்ச் டெஸ்ட்டுல அடி வாங்கும்.

மாம்பழ சீசன் வேற. கிட்னி வேலை செய்யாததால ரத்தத்துல பொட்டாசியம் ஏறிரும்னு ஒரு துண்டுக்கு மேல விடமாட்டேங்குறாங்க. சேலத்துக்காரிக்கு இந்தத் தண்டனையா?

சரி, நாளைக்கு காலையில டயாலிசிஸ் முதல் ஷிஃப்ட். அட, அண்ணன் நம்பர் மாத்திட்டாரு, ஆஸ்பத்திரியில பழசுதான் இருக்கு. காலையில முதல் வேலையா அதைச் சொல்லணும்.