வேல்ஸின் சேப்பல்கள் வளர்த்த குரல்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

1904 அக்டோபர் 31, திங்கட்கிழமை இரவு. பிரிட்டனின் தென் வேல்ஸில் லக்கர் என்ற சிற்றூர். அங்கே மொரையா சேப்பலில் ஜெபக் கூட்டம் முடிந்துவிட்டது. 'இளைஞர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள்' என்று ஒருவர் கேட்டுக்கொள்கிறார். இருந்தவர்கள் பதினேழு பேர்தான் என்பார்கள். கேட்டவர் இவான் ராபர்ட்ஸ், வயது 26. சிறுவனாக இருக்கும்போதே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அப்புறம் கொல்லுப்பட்டறையில் வேலை பழகியவர். போதகர் ஊழியத்துக்குப் படிக்க அப்போதுதான் கிளம்பியிருந்தார்.

அந்தச் சின்னக் கூட்டத்துக்குப் பின் சில வாரங்களிலேயே பள்ளத்தாக்குகள் முழுவதும் எழுப்புதல், அதாவது விசுவாசம் புத்துயிர் பெறும் அலை, பரவியது. சேப்பல்களில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிந்தது. லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்ததாக மதிப்பிட்டார்கள். சுரங்கத்தில் வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. வண்டிக்காரர்கள் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டுவிட்டார்களாம். அதனால் அவர்கள் இடுகிற கட்டளை குதிரைகளுக்கே புரியாமல் போனதாம்.

ஆனால் எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அந்தக் கூட்டங்கள் பலவற்றில் பிரசங்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருவர் எழுந்து ஜெபிப்பார். மூலையிலிருந்து ஒரு பெண் பாட்டைத் தொடங்குவாள். கூட்டம் முழுவதும் நான்கு குரல்களாகப் பிரிந்து அதை எடுத்துக்கொள்ளும். பாட்டுப் புத்தகம் கிடையாது, வாத்தியம் கிடையாது, கையசைத்து நடத்த ஆளும் கிடையாது. நாள் முழுக்கக் கரி வெட்டியவர்களுக்கு இது எப்படிக் கைவந்தது?

ஒரே இரவில் வந்ததல்ல. சேப்பல் பல தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்தது.

சேப்பல் என்றால் அரசின் ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் கோயில் அல்ல. மெத்தடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், சுயாதீன சபையார் எல்லாம் தங்கள் கூலிக்காசில் கட்டிக்கொண்ட ஆராதனை மண்டபம். பெத்தேல், எபெனேசர், சீயோன் என்று வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர்கள். அங்கே ஞாயிறு பள்ளி குழந்தைகளுக்கு மட்டும் நடக்கவில்லை. நரைத்த தலைகளும் பெஞ்சில் உட்கார்ந்து வெல்ஷ் மொழி வேதாகமத்தை வசனம் வசனமாக வாசித்து விவாதித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுப் பாடம் ஆங்கிலத்தில்தான். சில பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தினார்கள். தாய்மொழியில் எழுத்தும் வாசிப்பும் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைதான்.

இசையும் அப்படித்தான். டானிக் சோல்ஃபா என்று ஒரு முறை. மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடும் புள்ளியும் வேண்டாம். டோ, ரே, மி என்ற சுரங்களின் முதல் எழுத்தை மட்டும் அச்சடித்தால் போதும். நம் ஊரில் சரிகம எழுதிப் பாடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அச்சு எழுத்தே போதும் என்பதால் புத்தகம் மலிவு. சுவரில் சுர வரிசை எழுதிய நீளமான தாள் தொங்கும். ஆசிரியர் ஒரு குச்சியால் மேலும் கீழுமாகத் தொட்டுக் காட்டுவார், வகுப்பு பாடும். பியானோவைத் தொட்டே பார்க்காத மனிதர் ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் பெரிய இசைப் படைப்பில் தன் குரல் பகுதியைப் பிசகாமல் பாடினார். ஆண்டுக்கு ஒருமுறை பல சேப்பல்கள் சேர்ந்து கமான்வா கானி என்ற பாட்டுத் திருவிழா நடத்தும். அதற்கென்றே மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கும்.

எல்லாம் இனிமை என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு முன் கருவுற்ற பெண்ணைச் சபை முன் நிறுத்தி நீக்கிய சேப்பல்களும் இவைதான். அந்த வலியையும் மறக்கக்கூடாது.

எழுப்புதலின் அலை 1906க்குள் அடங்கியது. இவான் ராபர்ட்ஸ் உடலும் மனமும் களைத்து ஒதுங்கிவிட்டார். ஆனால் அந்த அலை அதற்குள் இந்தியாவையும் தொட்டிருந்தது. 1841 முதல் வெல்ஷ் மிஷனரிகள் இன்றைய மேகாலயாவின் காசி மலையில் ஊழியம் செய்து வந்தார்கள். காசி மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை தந்தவர்கள் அவர்கள். 1905இல் அங்கேயும் எழுப்புதல் உண்டானது. வேல்ஸின் தேசிய கீத மெட்டிலேயே காசி மக்கள் தங்கள் மண்ணைப் பற்றிய பாட்டைப் பாடுகிறார்கள்.

சரி, மறுபடியும் வேல்ஸுக்கு வருவோம். 1901இல் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 1911இல் பேசுவோர் எண்ணிக்கை 9 லட்சத்து 77 ஆயிரமாகக் கூடியிருந்தும், நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. நிலக்கரி வேலை தேடி வெளியூர் மக்கள் வந்து குவிந்ததே பெரிய காரணம். அந்த மொழிக்கு ஒரு பெரிய மேடை ஐஸ்டெத்வோத் என்ற விழா. அங்கே மரபுக் கவிதையில் வெல்பவருக்குப் பரிசு ஒரு நாற்காலி. அந்த யாப்பு நம் எதுகை மோனை போல ஒலியைக் கட்டுவது, ஆனால் ஒவ்வொரு அடிக்குள்ளும் மெய்யெழுத்துகளை வரிசையாகப் பொருத்தச் சொல்லும்.

ட்ராஸ்வனித் என்ற மலைக்கிராமத்தில் எல்லிஸ் எவன்ஸ் என்ற ஆடு மேய்க்கும் இளைஞர் இருந்தார். பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. ஹேத் வின் என்ற பெயரில் எழுதினார். ஹேத் என்றால் அமைதி. அது முதல் உலகப் போர்க் காலம். கட்டாய ராணுவ சேவைக்காக 1917இல் போனார். ஜூலையில் பிரான்ஸிலிருந்து ஒரு நீண்ட கவிதையைப் போட்டிக்குத் தபாலில் அனுப்பினார். அதே மாதம் 31ஆம் தேதி பெல்ஜிய மண்ணில் குண்டடிபட்டு இறந்தார்.

செப்டம்பர் 6, பர்கன்ஹெட் நகரில் விழா. வெல்ஷ் சேப்பலில் வளர்ந்த பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜும் வந்திருக்கிறார். எக்காளம் ஊதி, வென்ற கவிஞரைப் புனைபெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். யாரும் எழவில்லை. மறுபடி அழைக்கிறார்கள், மூன்றாம் முறையும் அழைக்கிறார்கள். பிறகுதான் அவர் போரில் இறந்த செய்தியை மேடையில் சொல்கிறார்கள். காலி நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்துகிறார்கள். கூட்டமே அழுதது.

நுணுக்கமான செதுக்கு வேலை நிறைந்த அந்த நாற்காலியைச் செய்தவர் ஒரு பெல்ஜியத் தச்சர். அதே போரில் தன் நாட்டை விட்டுத் தப்பி வந்த அகதி.

நாற்காலி மலைக்கிராமத்துப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க அன்று முதல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று கவிஞரின் தாய் தன் பேரனிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பேரன் முதுமை வரை அங்கேயே வாழ்ந்து, வந்தவர்களை உள்ளே அழைத்து அந்த நாற்காலியைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

நன்றி, வணக்கம்.