குளக்கரையில் வெட்டிவேர்: முதல் மூன்று மாதம் தப்பினால் கரை தப்பும்

[திரை: பெருமழைக்குப் பின் ஒரு குளக்கரை. ஓரிடத்தில் மண் சரிந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆளுயர வெட்டிவேர் வரிசை.]

கரையில் மண் அறுந்த இடத்தைப் பாருங்கள். புல் அங்கேயும் இருந்தது, அருகம்புல். அது கரையின் மேல்தோலை மட்டும் பிடித்திருந்தது. வெட்டிவேர் நேராகக் கீழே இறங்கும். ஆழமான, இளகிய மண்ணில் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் வரை போகும்.

இது நம் ஆற்றுப்படுகைகளிலும் சதுப்புகளிலும் தானாக வளரும் புல். வேருக்குள்ளேயே காற்றுக் குழல்கள் இருப்பதால் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. இதைக் கேட்டுவிட்டுப் பலர் நாற்றைச் சேற்றில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செருகிய நாற்று அழுகிவிடக்கூடும். வெள்ளம் தாங்குவது வேர் பிடித்த தூர்தான், புது நாற்று அல்ல. அதனால் தண்ணீர் ஏறுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே நட்டாக வேண்டும்.

[திரை: தாய்த்தூரைப் பிரிக்கும் கைகள், நெருக்கத்தில்.]

தூரைக் கத்தியால் பிளந்து, இரண்டு மூன்று சிம்புகள் (அடியிலிருந்து கிளைத்த தண்டுகள்) சேர்ந்த நாற்றாகப் பிரியுங்கள். பூத்து முற்றிய தண்டு வேண்டாம். அடியில் காய்ந்த உறையை விரலால் உரித்துப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிருள்ள நாற்று. பழுப்பாகவோ கூடாகவோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இலையை 20 சென்டிமீட்டரும் வேரை 5 சென்டிமீட்டரும் விட்டு வெட்டுங்கள். வேரை வெட்ட மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். பழைய வேர் எப்படியும் காய்ந்துபோகும். அடிக்கணுவிலிருந்து வரும் புது வேர்தான் செடியைக் காப்பாற்றும். நீளமாக விட்டால் குழிக்குள் மடங்கி மேலே பார்க்கும். இலை நீளமாக இருந்தாலோ, வேர் பிடிக்கும் முன்பே நாற்றின் ஈரம் அதன் வழியாகப் போய்விடும். நடும்வரை அடிப்பகுதி சாணக் கரைசலில் இருக்கட்டும்.

[திரை: டியூப் லெவலால் கரையில் மட்டம் பார்ப்பது.]

வரிசை ஒரே மட்டத்தில் போக வேண்டும். கண்மட்டத்தை நம்பாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய நீளமான தெளிகுழாய்) வைத்து மட்டம் பார்த்து முளைக்குச்சி அடியுங்கள். வரிசை ஓரிடத்தில் தாழ்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீரெல்லாம் அங்கே கூடி அறுக்கும்.

நாற்றுக்கு நாற்று 15 சென்டிமீட்டர். 10 மீட்டர் வரிசைக்கு ஏறக்குறைய 70 நாற்று. செத்ததை மாற்ற இன்னும் பத்து கையில் இருக்கட்டும். சரிவு செங்குத்தாக இருந்தால் 1 மீட்டர் கீழே இன்னொரு வரிசை வையுங்கள்.

நட்டதும் காலால் நன்றாக மிதியுங்கள். பிறகு ஒரே ஓர் இலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை மட்டும் அறுந்து வந்தால் சரி. நாற்றே வந்தால் அடியில் காற்று தங்கியிருக்கிறது, வேர் காய்ந்துவிடும்.

மழை இல்லாவிட்டால் முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர், அப்புறம் வேர் பிடிக்கும்வரை வாரம் இரண்டு முறை. ஒரு மாதத்தில் செத்த நாற்றுகளை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பக்கத்துத் தூர்களின் நிழலில் புது நாற்று எழாது. இந்தப் புல்லுக்கு வெள்ளத்தைவிட நிழல்தான் எதிரி. மரத்தடியில் இரண்டு சிம்போடு நின்றுவிடும். களையும் இதே நிழலைத்தான் போடுகிறது, அதனால் முதல் மூன்று மாதம் விடாமல் களை எடுங்கள்.

[திரை: அரிவாளால் நுனி அறுப்பது.]

நான்காம் மாதம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். அடியில் சிம்பு வெடித்து இடைவெளி மூடும். ஒட்ட அறுத்தால் குருத்து போய்விடும்.

நாற்று வாங்கும்போது விதை கட்டாத தென்னிந்திய வகையா என்று கேளுங்கள். விதை விழும் வகை கரையைத் தாண்டி வயலுக்குள் பரவிவிடும்.

மணக்கும் வேருக்காகக் கரையில் நட்டதைத் தோண்டாதீர்கள், கரையே இளகிவிடும். வேர் வேண்டுமானால் மணற்பாங்கான நிலத்தில் தனியாக நடுங்கள். கடலூர்க் கடலோர மணலில் அப்படித்தான் பயிரிடுகிறார்கள். 12 முதல் 18 மாதத்தில் வேர் முழுசாக வரும். களிமண்ணில் பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிடும்.