பிடித்ததா? தெரிந்ததா?

நடுவர் அவர்களே! 'சிறு குழந்தைகளை ஒட்ட வைப்பது ஒரே மாதிரி பிடித்ததா, ஒரே மாதிரி தெரிந்ததா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "இருவருக்கும் கார் பொம்மை பிடித்தால் போதும், நட்பு மலர்ந்துவிடும்" என்று முழங்கிவிட்டு அமர்ந்தார். ஐயா வீட்டில் பொடிசுகள் இல்லைபோலும்! ஒரே காரை விரும்பும் இரண்டு நான்கு வயதுக்காரர்களை ஓர் அறையில் விட்டுப் பாருங்கள். மலர்வது நட்பா, நகக்கீறலா என்று தெரிந்துவிடும்.

2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் காயே சோலே, எலிசபெத் ஸ்பெல்கி என்னும் உளவியலாளர்கள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்த்தார்கள். தனக்குத் தெரிந்த பாட்டைத் தெரிந்து வைத்திருக்கும் குழந்தையையே பிள்ளைகள் நாடினார்கள். அந்தக் குழந்தைக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா, பிடிக்காதா என்பதைப் பொருட்படுத்தவே இல்லை!

அமெரிக்கா வரை போவானேன்? எங்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள். ஓடிப் பிடிக்கும் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று 'சா, பூ, த்ரி' போடுவார்கள். உள்ளங்கையோ புறங்கையோ, தனித்து விழுந்தவர் தப்பினார். புதிதாகக் குடிவந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தண்ணீர்த் தொட்டியோரம் நின்றிருந்தாள். கைகள் கூடியதும் தன் கையையும் நுழைத்தாள். 'த்ரி' என்ற அதே நொடியில் புரட்டினாள். பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை, ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அதுவும், "இந்த ஆட்டமே எனக்குப் பிடிக்காது, எப்போதும் நான்தான் மாட்டிக்கொள்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே!

அதே மாடியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையன். ஓட்டம் என்றால் அவனுக்கு உயிர். கையில் புத்தம் புதுப் பந்து வேறு. கையை எப்போது புரட்டுவது என்று தெரியாததால் ஓரத்திலேயே நின்றான்.

"தெரியாதவனைத் தள்ளிவைப்பதா நட்பு?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அந்த ஆய்விலும், தாங்கள் அறியாத பாட்டைத் தெரிந்தவர்களைப் பிள்ளைகள் தவிர்க்கத்தான் செய்தார்கள். கசப்புதான், மறைக்கமாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கசப்பும் என் கட்சிக்கே சாட்சி. பந்தின்மேல் அத்தனை பேருக்கும் ஆசை இருந்தும் பந்துக்காரனை யாரும் கூப்பிடவில்லையே, அப்புறம் விருப்பத்துக்கு என்ன வலிமை?

மறுநாள் அந்தச் சிறுமியே அவன் மணிக்கட்டைப் பிடித்து மூன்று முறை புரட்டிக் காட்டினாள். பிடிக்காததைப் பிடிக்க வைக்கப் படாதபாடு பட வேண்டும். தெரியாததைத் தெரிய வைக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போன வாரம் பார்க்கிறேன், ஒரு வாண்டு கையைக் கொஞ்சம் தாமதமாகப் புரட்டிவிட்டது. "அழுகுணி ஆட்டம்!" என்று முதலில் கத்தியது யார் என்கிறீர்கள்? அந்த ஜார்க்கண்ட் பையன்தான்.